பாரிமுனையில் காலி ஆபீஸ்: மாற்றுவதா, இடிப்பதா?

தம்புச் செட்டித் தெருவில் மாடி ஆபீஸ்கள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எத்தனை குடும்பம் குடியிருக்கலாம்!

இடித்துக் கட்டினால் லிஃப்ட், பார்க்கிங், ஒழுங்கான குழாய் வரிசை எல்லாம் கிடைக்கும். ஆனால் பகலெல்லாம் சரக்கு வண்டி நிற்கும் தெருவில் ஜல்லி லாரி எப்படித் திரும்பும்? சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வேறு. ஒன்றைத் தட்டினால் பக்கத்துச் சுவர் விரியும்.

வீடாக மாற்றுவதில் சிக்கல் தண்ணீர்தான். ஆபீஸில் மாடிக்கு ஒரே கழிப்பறை, அதுவும் மூலையில். குடும்பத்துக்கு ஒரு சமையலறை, குளியலறை என்றால் கழிவுக்குழாய்க்குச் சரிவு வேண்டும், தளத்தை உயர்த்த வேண்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடத்தில் கூரை உயரம், அதனால் தலை இடிக்காது. ஆனால் அதன் தளம் தேக்கு உத்தரத்தின் மேல் நிறுத்தி அடுக்கிய செங்கல்; ஈரம் கசிந்தால் மரம் உளுத்துவிடும். குளியலறைகளை முற்றத்துப் பக்கம் ஒதுக்கினால் குழாயும் அங்கேயே இறங்கும். முற்றமில்லாத அகலமான கண்ணாடிக் கட்டடத்தில் நடு அறைக்கு ஜன்னலே கிடைக்காது.

முற்றம் இருந்தால் மாற்றுவதே என் கட்சி. உபயோக மாற்றத்துக்கு அனுமதி வாங்கி, என்ஜினியரை வைத்து உத்தரம் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கிங் கவலை வேண்டாம். 2019 முதல் மண்ணடியில் மெட்ரோ நிற்கிறது.