கடிதம் எந்த மாடிக்குப் போகிறது? சுங்கை சிப்புட்டில் கம்பெனி செக்ரட்டரி சேவைகள்

செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, பதிந்த 30 நாளுக்குள் ஒரு கம்பெனி செக்ரட்டரியை, அதாவது அதன் பதிவேடுகளையும் சட்டத் தாள்களையும் பார்த்துக்கொள்பவரை, நியமித்தாக வேண்டும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 236ஆம் பிரிவில் சொல்வது அது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டுபவரோ, தோட்டத்தில் புல்வெட்டுக் குத்தகை எடுத்தவரோ, கல்யாணச் சமையல்காரரோ, யார் கம்பெனி தொடங்கினாலும் கைக்கு எட்டுவது மூன்று வகைச் சேவை. டவுன் கடைவீட்டு மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸ் ஒன்று. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில், கணக்காளரோடு சேர்ந்து நடக்கும் நிறுவனம் இன்னொன்று. கோலாலம்பூரிலிருந்து இணையத்தில் விற்கும் ‘பேக்கேஜ்’ மூன்றாவது. மாதக் கட்டணம் மூன்றிலும் பெரும்பாலும் 50 ரிங்கிட்டுக்கும் 120 ரிங்கிட்டுக்கும் நடுவில்தான் ஆடும். அந்த 70 ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்தான் பிறகு ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிறார்.

விலையைக் கேட்பதற்கு முன் முகவரியைக் கேளுங்கள். கம்பெனிக்குப் பதிவு முகவரி என்று ஒன்று மலேசியாவுக்குள் இருக்க வேண்டும். சின்னக் கம்பெனிகளுக்கு அது வழக்கமாகச் செக்ரட்டரியின் ஆபீஸ்தான். அந்தக் கதவுக்கு வந்த கடிதம் சட்டப்படி உங்கள் கைக்கு வந்த கடிதம். நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

டயர்க் கடைக்கு 18,000 ரிங்கிட் பாக்கி, கடைக்காரர் மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். ரிட் சம்மன், அதாவது வழக்கு அழைப்பாணை, பதிவு முகவரிக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் தரப்பு நீதிமன்றத்தில் ஆஜராவதாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால், பாதிக் கடனை ஏற்கெனவே கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிடலாம். கடன் 50,000 ரிங்கிட்டைத் தாண்டினால் கம்பெனியையே கலைக்கச் சொல்வதற்கு முன்படியான 466ஆம் பிரிவு நோட்டீஸ் வரும். அதன்படி பணத்தைக் கட்ட 21 நாள்.

இந்த 14 நாள் எங்கே கரைகிறது தெரியுமா? இருநூறு முந்நூறு கம்பெனிக்குத் தபால் வாங்கும் ஆபீசில் கிளார்க் அதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைப்பார். வாரக் கடைசியில் பிரித்து, சாதாரணத் தபாலில் உங்களுக்கு அனுப்புவார். உங்கள் முகவரி தோட்டத்து வீடு என்றால் அது தோட்ட ஆபீசுக்குப் போய்க் கிராணி மேசையில் இரண்டு நாள் படுத்துக் கிடக்கும். வக்கீலைப் பார்க்கும்போது மூன்று நாள் மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம்.

இந்த ஒரு விஷயத்தில் இணையப் பேக்கேஜ்காரர்களுக்கே முதலிடம். நல்ல சேவை என்றால் கடிதம் வந்த அன்றோ மறுநாளோ பிரித்து, ஸ்கேன் எடுத்து, மின்னஞ்சலில் போட்டுவிடும். ஆனால் மலிவுப் பேக்கேஜ் சிலவற்றில் ‘கடிதம் வந்துள்ளது’ என்ற தகவல் மட்டும்தான் இலவசம், பிரித்து ஸ்கேன் எடுக்க ஒவ்வொன்றுக்கும் காசு. டவுன் மாடி ஆபீசில் இதற்கெல்லாம் முறை கிடையாது. தெரிந்த ஆள் என்றால் போன் போட்டுச் சொல்வார், மறந்தால் மறந்ததுதான். எந்த வகையானாலும், நீதிமன்றம், எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்), எஸ்எஸ்எம் (கம்பெனிகளைப் பதியும் ஆணையம்), வங்கி ஆகிய நான்கு இடத்துக் கடிதங்களை ஒரு வேலை நாளுக்குள் ஸ்கேன் எடுத்து அனுப்புவோம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்தது, செக்ரட்டரி யார் என்பது. போர்டில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயர் செக்ரட்டரி ஆகாது. சட்டம் கேட்பது ஓர் ஆளை. 18 வயது நிறைந்தவர், குடிமகன் அல்லது நிரந்தரவாசி, மலேசியாவில் குடியிருப்பவர். அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்எஸ்எம் உரிமம் வேண்டும். 15 மார்ச் 2019 முதல் இதற்கு மேல் 241ஆம் பிரிவின்படி தொழில் நடத்தும் சான்றிதழும் கட்டாயம். அந்தச் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள், காலாவதியாகும் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

சின்ன டவுனில் இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். ‘அண்ணே, உங்க சான்றிதழைக் காட்டுங்க’ என்று எப்படிக் கேட்பது? கேட்டுத்தான் ஆக வேண்டும். மாடி ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் ரன்னர்தான். தாள்களை வாங்கி ஈப்போவில் இருக்கும் உரிமக்காரரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருபவர். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த உரிமக்காரரின் பெயரும் போன் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். ரன்னர் கடையைச் சாத்திவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டாமா? எஸ்எஸ்எம் இணையச் சேவையில் உங்கள் கம்பெனி விவரத்தை வாங்கிப் பார்த்தால் செக்ரட்டரி இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனிக் கட்டணம். மாதக் கட்டணம் என்பது தோட்டத்துப் பிரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்ததற்கான கூலி மாதிரி. செய்கிற வேலைக்குத் தனிக் கணக்கு. பதிவேடுகளை வைத்திருப்பது, முகவரி தருவது, பெயர் நிற்பது, பெரும்பாலும் அவ்வளவுதான் அதில் அடங்கும். ஆண்டறிக்கை தயாரிக்கத் தனிக் கட்டணம், அதோடு எஸ்எஸ்எம் கட்டணம் 150 ரிங்கிட். வங்கிக் கணக்கு திறக்க இயக்குநர் தீர்மானம், லோரிக்குக் கடன் எடுக்க ஒரு தீர்மானம், கையெழுத்துப் போடும் ஆளை மாற்ற இன்னொன்று. ‘உண்மை நகல்’ என்று செக்ரட்டரி முத்திரை குத்தும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சில இடங்களில் காசு. ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஐந்து விலைகளை எழுதி வாங்குங்கள்: ஆண்டறிக்கை, வங்கித் தீர்மானம், இயக்குநர் மாற்றம், பங்கு மாற்றம், பொறுப்பை ஒப்படைத்து விலகுவது. ஐந்தாவதைக் கேட்டால்தான் எதிரே இருப்பவர் முகம் மாறும்.

பதிவுச் செலவிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. எஸ்எஸ்எம் வாங்குவது 1,000 ரிங்கிட், பெயரை 30 நாள் பிடித்து வைக்க 50. அதற்கு மேல் கேட்பது சேவைக் கட்டணம். தோல் அட்டைப் புத்தகம், பொது முத்திரை, அச்சடித்த அமைப்புவிதி என்று அடுக்கிக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள். 2016 சட்டத்தில் சாதாரணக் கம்பெனிக்கு அமைப்புவிதி கட்டாயமில்லை, பொது முத்திரையும் கட்டாயமில்லை. பதிவானதற்கு அடையாளமாக எஸ்எஸ்எம் தரும் அறிவிப்பே போதும்.

வங்கிக்குப் போனால் இன்னொரு குழப்பம். பழைய பழக்கத்தில் ‘பாரம் 9, 24, 44, 49 கொண்டு வாங்க’ என்பார்கள். அவை 1965 சட்டத்தின் எண்கள். இன்று 9க்குப் பதில் 17ஆம் பிரிவுச் சான்றிதழ் (கம்பெனி பதிவு), 24க்குப் பதில் 78 (பங்கு ஒதுக்கீடு), 44க்குப் பதில் 46 (பதிவு முகவரி), 49க்குப் பதில் 58 (இயக்குநர், செக்ரட்டரி விவரம்). நல்ல செக்ரட்டரி இதைக் கேட்காமலே கட்டாக அனுப்பிவிடுவார். மையில் கையெழுத்திட்ட நகலை வங்கி கேட்கும்போது இணையப் பேக்கேஜ் தடுமாறும், கூரியருக்கு இரண்டு மூன்று நாள் போகும். ஈப்போ நிறுவனமென்றால் காலையில் போய் மதியத்துக்குள் கையில் வாங்கிவரலாம். கடன், குத்தகை என்று மாதத்துக்கு ஒரு தாளாவது தேவைப்படும் லோரிக்காரருக்கு ஈப்போதான் சரி.

தேதிகளில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் இரண்டு தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. ஒன்று பதிவான நாளை வைத்து ஓடும். கம்பெனி மார்ச் 12ல் பதிவானால், மறு ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 11க்குள் ஆண்டறிக்கை. வியாபாரமே நடக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க 68ஆம் பிரிவில் இடமுண்டு, அது இயக்குநர்களையும் தொடும். இரண்டாவது கடிகாரம் கணக்காண்டு முடிவை வைத்து ஓடும். டிசம்பர் 31ல் முடிந்தால் ஆறு மாதத்துக்குள் நிதியறிக்கையைப் பங்குதாரர்களுக்கு அனுப்பி, அனுப்பியதிலிருந்து 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் சேர்க்க வேண்டும். எல்எச்டிஎன்னுக்குச் சி பாரம் என்னும் வரிக் கணக்கு ஏழு மாதத்துக்குள், அதாவது ஜூலை 31. இந்தச் சி பாரம் செக்ரட்டரியின் வேலையே இல்லை, வரி முகவரின் வேலை. ‘எல்லாம் செக்ரட்டரி பார்த்துக்குவாரு’ என்று இருந்துவிட்டு வரித் தண்டம் கட்டியவர்கள் எல்லா டவுனிலும் உண்டு.

கணக்காளரோடு சேர்ந்து நடக்கும் ஈப்போ நிறுவனத்தில் இரண்டு கடிகாரத்தையும் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள், அது வசதி. ஆனால் தணிக்கை விலக்கு பற்றி அவர்களாக வாய் திறக்கக் காத்திருக்க வேண்டாம். 1 ஜனவரி 2025 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்குப் புதிய வரம்பு வந்திருக்கிறது. 2025ல் தொடங்கும் ஆண்டுக்கு உச்ச வரம்பு: ஆண்டு வருமானம் 10 லட்சம் ரிங்கிட், மொத்தச் சொத்து 10 லட்சம், ஆட்கள் 10. 2026ல் தொடங்கும் ஆண்டுக்கு 20 லட்சம், 20 லட்சம், 20 பேர். 2027ல் 30 லட்சம், 30 லட்சம், 30 பேர். மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும், ஆனால் நடப்பு ஆண்டிலும் அதற்கு முந்திய இரண்டு ஆண்டிலும் பொருந்த வேண்டும். வருமானம் 14 லட்சமாகவும், சொத்து 6 லட்சமாகவும், ஆட்கள் ஆறு பேராகவும் மூன்று ஆண்டும் இருக்கும் லோரிக் கம்பெனி 2025 வரம்பிலேயே தப்பிவிடும். தணிக்கை இல்லை என்பதற்காக நிதியறிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தணிக்கை செய்யாத கணக்கையும் எஸ்எஸ்எம்மில் சேர்த்தாக வேண்டும்.

பங்கு மைத்துனர் பெயரில், பணம் நம்முடையது என்ற ஏற்பாடு நம்மவரிடையே சகஜம். 1 ஏப்ரல் 2024 முதல் உண்மையான உடைமையாளர் யார் என்பதை எஸ்எஸ்எம்முக்குத் தெரிவிப்பது சட்டம். 20 விழுக்காடு பங்கு இருந்தாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். இதைப் பற்றி நாலு கேள்வி கேட்கும் செக்ரட்டரி எரிச்சலூட்டுவார், ஆனால் அவரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியில் டிக் போடுபவர் உங்களை மாட்டிவிடுவார்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சமையல் வியாபாரத்துக்கு இவ்வளவும் வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். வரம்புள்ள பொறுப்புப் பங்காண்மை, அதாவது பிஎல்டி, பதிய 500 ரிங்கிட். கணக்காண்டு முடிந்து 90 நாளுக்குள் ஓர் ஆண்டு அறிவிப்பு. பங்காளிகளில் ஒருவரே இணக்க அதிகாரியாக இருக்கலாம், மாதச் சம்பளத்துக்குச் செக்ரட்டரி தேவையில்லை. இதைச் சொல்லாமல் செண்டிரியான் பெர்ஹாட்டையே தலையில் கட்டும் ஆபீஸ் எதுவானாலும் ஒரு புள்ளி குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தோட்ட நிறுவனம் குத்தகை தர செண்டிரியான் பெர்ஹாட்தான் வேண்டும் என்று கேட்டால் வேறு வழியில்லை. முதலில் அங்கே கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

விலகும் நேரத்தில்தான் சேவையின் தரம் தெரியும். செக்ரட்டரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தால், வேறு ஏற்பாடு எழுதப்படாத பட்சத்தில், 30 நாளில் அவர் பொறுப்பு முடிகிறது. அந்த இடம் காலியாக இருக்கலாம் என்றால் அதுவும் 30 நாள்தான். ராஜினாமாக் கடிதமும் பழைய தோட்ட முகவரிக்கே போய், நீங்கள் அதற்குள் டவுனுக்குக் குடிமாறியிருந்தால், செக்ரட்டரி இல்லாத கம்பெனிக்கு இயக்குநராக இருப்பது உங்களுக்கே தெரியாது. ஆகவே வீடு மாறினால் முதலில் செக்ரட்டரிக்குச் சொல்லுங்கள்.

நீங்களே மாற்றுவதென்றால் முதலில் புதியவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, இயக்குநர் தீர்மானம் போட்டு, அதன்பிறகு பழையவருக்குச் சொல்லுங்கள். பாக்கிக் கட்டணத்தைக் காட்டிப் பதிவேடுகளைப் பிடித்து வைப்பது இந்தத் தொழிலில் பழைய நோய். பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கிக்கொண்டு, உறுப்பினர் பதிவேடு, இயக்குநர் பதிவேடு, தீர்மானக் கோப்பு, பங்குச் சான்றிதழ்கள், எஸ்எஸ்எம்மில் சேர்த்த எல்லாவற்றின் நகல் என்று பட்டியலிட்டு வாங்குங்கள். செக்ரட்டரி மாற்றத்தை 58ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவு முகவரி மாற்றம் 46ஆம் பிரிவில் தனி வேலை, அதற்கும் 14 நாள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால், புதிய செக்ரட்டரிக்கு மாதம் தவறாமல் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள், நீதிமன்றக் கடிதம் மட்டும் பழைய மாடிக்கே ஏறிக்கொண்டிருக்கும்.