வெள்ளிக்கிழமை லீவு: டெல்டாவில் நூலகம் தேடுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அக்கா மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். போன ஐப்பசியில் அவளை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடலாம் என்று கைப்பேசியில் கூகுள் மேப்பைப் பார்த்தேன். 'திறந்திருக்கிறது' என்று பச்சை எழுத்தில் காட்டியது. அடைமழையில் நடந்து போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு தொங்குகிறது. "வெள்ளிக்கிழமை லீவு தம்பி, தெரியாதா?" என்றார் எதிர்க் கடைக்காரர். கதவுக்குப் பக்கத்துச் சுவரிலேயே எல்லாம் பெயிண்டில் எழுதியிருந்தது: வேலை நேரம், வார விடுமுறை, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது வரை. அந்தச் சுவரில் இருந்தது இணையத்தில் இல்லை.

அன்றிலிருந்து, நம் பக்கம் படிக்க என்னென்ன வழி இருக்கிறது, அவற்றில் எதைப் பற்றி வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ள முடிகிறது என்று பார்த்து வருகிறேன்.

முதலில் கிளை நூலகம். நடந்து போகிற தூரம். நாளிதழும் வார இதழும் படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை, போய் உட்கார்ந்தால் போதும். வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும். காப்புத்தொகை, விலகும்போது திரும்பக் கிடைக்கும். இதற்கு நாம் ஏற்கெனவே காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். 1948 நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆனால் தகவல் என்று வந்தால் நான்கு வழிகளில் இதுதான் கடைசி. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் முகவரியே குழப்பம். சீர்காழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம், 2020இலிருந்து மயிலாடுதுறை. எந்தக் காலத்தில் போட்ட பட்டியல் உங்கள் கைக்குக் கிடைக்கிறதோ, அந்தக் காலத்து மாவட்டத்தில்தான் தேட வேண்டும்.

மாவட்ட மைய நூலகம் பெரியது. பார்வை நூல்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள், நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க மேசை எல்லாம் உண்டு. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன், பஸ் செலவானாலும் பரவாயில்லை. தொலைபேசியில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். நான் கேட்டது மூன்றே கேள்வி: இன்று திறந்திருக்குமா, அடையாளத்துக்கு என்ன காட்ட வேண்டும், சொந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுவரலாமா. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இதே மூன்றையும் இணையத்தில் தேடி அரை மணி நேரம் போயிருந்தது.

தஞ்சை அரண்மனை வளாகத்துச் சரசுவதி மகால் நூலகம் வேறு ரகம். 1918இல் பொதுமக்களுக்கான நூலகமாக ஆனது. ஓலைச்சுவடி ஆராய்கிறவர்களுக்குப் புதையல், ஆனால் நாவல் இரவல் வாங்குகிற இடமல்ல. அவர்களே பதிப்பித்த நூல்களை விலைக்கு வாங்கலாம்.

நான்காவது, இணைய நூலகங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக வருடப்பட்டு, அதாவது ஸ்கேன் செய்யப்பட்டு, கிடக்கின்றன. சந்தா இல்லை, விடுமுறை இல்லை. புத்தகம் இருக்கிற இடமும் அதைப் பற்றிய தகவல் இருக்கிற இடமும் ஒன்றாகவே இருப்பது பெரிய வசதி. ஆனால் வருடிய பக்கத்தைச் சின்னத் திரையில் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம். அப்பாவுக்கு, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம்தான் சரிப்பட்டது. அதில் நூலையே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். எழுத்தைக் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக்கித் திண்ணையில் உட்கார்ந்து தேவாரம் படிக்கிறார். புதுப் புத்தகம் வேண்டும் என்றால் இரண்டுமே உதவாது.

எனவே பழைய நூலுக்கு இணையம், தேர்வுக்கு மைய நூலகம். மற்ற எல்லாவற்றுக்கும் என் ஓட்டு கிளை நூலகத்துக்குத்தான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை தனியாகப் போய்வரக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அதனால்தான் அதைப் பற்றிய தகவல் கிடைக்காதது இவ்வளவு உறுத்துகிறது. நூலக அறிவியலுக்கு ஐந்து விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது சீர்காழியில். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய நான்காவது விதி. அந்த விதிகள் நூலாக வந்த அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வாசகர் இருக்கும் இடத்துக்கே நூலகம் போன மண்ணில், நூலகம் எப்போது திறக்கும் என்ற செய்தியாவது வீடு வரைக்கும் வர வேண்டாமா?

அடுத்த முறை போனபோது நூலகரிடம் கேட்டுவிட்டு அந்தச் சுவரைப் படம் எடுத்தேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், கூகுள் மேப்பிலும் நேரத்தைத் திருத்தச் சொல்லி அனுப்பினேன். போன வாரம் பார்த்தேன், வெள்ளிக்கு நேராக 'மூடப்பட்டுள்ளது' என்று வந்திருக்கிறது.