நாளா, தாத்தாவா, அகராதியா? குழந்தைக்குப் பெயர் வைக்க மூன்று வழிகள்

சொந்தத்தில் யாருக்காவது குழந்தை பிறந்துவிட்டால் போதும், ஒரு வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் நிபந்தனைகள் வந்து இறங்கும். "சு, சே, சோ, லா-வில ஆரம்பிக்கணும். மூணு எழுத்துக்கு மேல வேண்டாம். கூட்டினா அஞ்சு வரணும். மாமனார் பேரும் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கணும். அர்த்தம் நல்லா இருக்கணும். வெள்ளைக்காரன் வாயிலயும் நுழையணும்." இத்தனையையும் ஒரே பெயரில் கேட்டால் என்ன கிடைக்கும்? எந்த மொழியிலும் ஒட்டாத இரண்டு அசை, அதற்கு ஏதோ ஒரு இணையதளம் சூட்டிவிட்ட பொருள். அதுதான் இப்போது தெருவுக்கு நாலு பிள்ளைகளுக்குப் பெயராக இருக்கிறது.

மற்ற ஊர்களில் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறந்த நாள் பெயரைத் தரும். அல்லது முன்னோர் தருவார்கள். அல்லது பெற்றோரே பொருள் பார்த்துத் தேடுவார்கள். நம் வீடுகளில் மூன்றும் ஒன்றாக அடுப்பேறியிருக்கின்றன. அதனால் மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் எது நமக்குத் தோதுப்படும் என்பது தெரியும்.

நாள் தரும் பெயர்

கானாவில் வாழும் அக்கான் மக்களிடம் குழந்தைக்கு என்ன பெயர் என்ற கேள்விக்கு நாட்காட்டியே பாதி பதில் சொல்லிவிடும். வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, பெண் என்றால் அஃபுவா. சனிக்கிழமை குவாமே, அமா. திங்கள் கோஜோ, அட்வோவா. ஆணுக்கு ஏழு, பெண்ணுக்கு ஏழு, மொத்தம் பதினான்கே பெயர்கள். அந்தக் கிழமையோடு உயிருக்கு உறவு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. எட்டாம் நாள் குழந்தையின் நாக்கில் ஒரு துளி தண்ணீரும் ஒரு துளி மதுவும் வைத்து, தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் சொல்லி வாழ வேண்டும் என்று பெரியவர்கள் வாழ்த்திப் பெயர் சூட்டுவார்கள். பொய் பேசாதே என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு கைக்குழந்தைக்குச் சொல்ல முடியாது.

ஐ.நா.வின் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் முழுப் பெயர் கோஃபி அட்டா அன்னான். 1938 ஏப்ரல் 8-ஆம் தேதி பிறந்தார், அன்று வெள்ளிக்கிழமை. அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர். உடன் பிறந்த சகோதரி ஒருவர் அவருக்கு உண்டு. பெயரைக் கேட்டதுமே ஊர்க்காரருக்கு இரண்டு செய்தி தெரிந்துவிடும்.

பர்மாவில் இதையே வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே கிழமை முழுப் பெயரைத் தராது, முதல் எழுத்தை மட்டும் தரும். திங்கள் என்றால் ககர வரிசை: கின், கியாவ். ஞாயிறு என்றால் உயிரெழுத்து. வெள்ளி என்றால் தகரம்போல ஒலிக்கும் ஓர் எழுத்தும் ஹகரமும். கோஃபி அன்னானுக்குப் பல ஆண்டுகள் முன்பு அதே ஐ.நா. பதவியில் இருந்த ஊ தாண்டின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. 'ஊ' என்பது நம் 'திரு' மாதிரி ஒரு மரியாதைச் சொல். பெயர் தாண்ட் மட்டும்தான். அவர் பிறந்தது 1909 ஜனவரி 22, அதுவும் வெள்ளிக்கிழமை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு வெள்ளிக்கிழமைக்காரர்கள். ஒருவர் பெயரில் கிழமை முழுசாகவும் இன்னொருவர் பெயரில் முதல் எழுத்தாகவும் இருக்கிறது.

நம் நட்சத்திர எழுத்து பர்மா முறைக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் கிழமை ஏழோடு நிற்கிறது. நம்முடையது 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. அஸ்வினிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, 'சு'வும் 'லா'வும் பெயர்களை அள்ளித் தரும். திருவாதிரையில் பிறந்த குழந்தையின் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். கு, க, ங, ச. மூன்றாம் பாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 'ங'வில் பெயர் வைக்க வேண்டும்! இந்த அட்டவணை சமஸ்கிருத ஒலிகளுக்குப் போட்டது. தமிழில் அப்படி ஒரு பெயரே கிடையாது என்று ஜோசியருக்கும் தெரியும்; கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டுப் பக்கத்துப் பாதத்து எழுத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இரண்டையும் ஒப்பிட்டால் என் ஓட்டு அக்கானுக்குத்தான். அங்கே நாள் பெயர் ஒரு தலைவலியைத் தீர்த்துவைக்கிறது. நம் முறை முதல் எழுத்தை மட்டும் தந்துவிட்டு மீதித் தலைவலியை அப்படியே விட்டுவிடுகிறது. தெருவெல்லாம் கோஃபிகளாக இருக்குமே என்றால், அதற்குத்தான் கிழமைப் பெயருக்குப் பிறகு குடும்பம் தேர்ந்தெடுக்கும் இன்னொரு பெயர். இதன் உறுதிக்கு ஜமைக்கா சாட்சி. அங்கே அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட அக்கான்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் கிழமைப் பெயர்கள் மிஞ்சின. தப்பிப்போய் மலைகளில் வாழ்ந்த மக்களுக்குத் தலைவனாக இருந்து 1739-இல் ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இறங்கிவர வைத்தவன் பெயர் கட்ஜோ. கோஜோதான் அது. திங்கள்கிழமை பிறந்தவன்.

தாத்தா தரும் பெயர்

இந்த வழியில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பேத்தி, பெயர்த்தி.

கிரேக்கர்களிடமும் இதே வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர். மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தால் மூன்று வீட்டிலும் மூத்த பேரன் யோர்கோஸ்தான். குடும்பப் பெயரும் ஒன்றே. திருவிழாவுக்குக் கூடினால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. நம் பக்கம் ஒரே குலசாமி பெயரில் அரை டஜன் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது புதிதில்லை. பெரிய கருப்பு, சின்னக் கருப்பு, நடுக் கருப்பு என்று சமாளிக்கிறோமே. கிரேக்க வீடுகளில் ஞானஸ்நானம் வரை குழந்தையைப் பெயர் சொல்லாமல் வெறுமனே 'பாப்பா' என்றே அழைப்பதும் உண்டு. பெயர் என்ன என்பது பிறப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும்!

யூதர்களிடம் இதே வழி இரண்டாகப் பிரிகிறது. ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா வழியில் வந்த செஃபர்தி யூதர்கள் உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். தாத்தாவுக்கு அது பெருமை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள் அதைச் செய்யவே மாட்டார்கள். காலமானவர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தால் அவருடைய ஆயுளுக்கு ஆகாது என்ற பயம்.

நம் வீடுகளில் ஆயுள் பயம் அவ்வளவாக இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. கணவன் பெயரை மனைவி சொல்லக் கூடாது, மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அந்தப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டால்? பாட்டியால் பேரனைக் கூப்பிட முடியாது, அம்மாவால் திட்ட முடியாது. கந்தசாமித் தாத்தாவின் பேரன் பள்ளிக்கூடப் பதிவேட்டில் கந்தசாமி, வீட்டில் ராஜா. இந்த இரட்டைப் பெயர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்றைய பெற்றோர் தாத்தா பெயரைத் தேய்த்துச் சின்னதாக்குகிறார்கள். கிருஷ்ணமூர்த்தியிலிருந்து கிரிஷ். இதிலும் நாம் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவுக்குப் போன யூதர்கள் மோஷே என்ற தாத்தாவின் நினைவாக முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மோரிஸ், மேக்ஸ் என்று வைத்தார்கள். தாத்தாவுக்கு ஓர் எழுத்து, பேரனுக்குப் புது நாடு.

முன்னோர் பெயரை இன்னும் சாமர்த்தியமாகக் கையாண்ட எடுத்துக்காட்டு ஆங் சான் சூ சீ. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் இவர் பெயரில் 'ஆங் சான்' அப்பாவுடையது, 'சூ' அப்பாவைப் பெற்ற பாட்டியுடையது, 'சீ' அம்மா கின் சீயிடமிருந்து வந்தது. மூன்று பேரை ஒரே பெயரில் உட்கார வைத்து யாருக்கும் மனக்குறை இல்லாமல் செய்திருக்கிறார்கள். நம்மூரிலும் ஒன்று உண்டு: அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பா, கடைசியில்தான் அவர்.

அகராதி தரும் பெயர்

இப்போது எல்லோரும் இந்த வழியில்தான் வண்டி ஓட்டுகிறோம், பள்ளங்கள் அதிகம் இருப்பதும் இதில்தான்.

ஆரவ் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அமைதியானவன்' என்று பட்டியல்கள் சொல்கின்றன. சமஸ்கிருதத்தில் 'ஆரவ' என்றால் இரைச்சல், கூச்சல். நம் 'ஆரவாரம்' பக்கத்திலேயே நிற்கிறது. கைக்குழந்தைக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் பெற்றோர் நினைத்த பொருளில் இல்லை. அதிதி இன்னொரு வேடிக்கை. எல்லையற்றவள் என்ற தேவமாதாவும் விருந்தாளி என்ற சொல்லும் சமஸ்கிருதத்தில் வெவ்வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே.

மொழி தாண்டி ஒலி ஒத்துப்போவதும் உண்டு. தமிழில் கவின் என்றால் அழகு. அயர்லாந்திலிருந்து வந்த கெவினின் பழைய வடிவத்தில் இருக்கும் முதல் பாதிக்கும் அழகு, இனிமை என்றே பொருள். இரண்டுக்கும் உறவு கிடையாது, தற்செயல். வெளிநாட்டில் வளரப்போகும் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். யாழினிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ழகரம் விமான நிலையத்திலேயே இறங்கிவிடும்.

பொருள் தேடுவதில் ஜப்பானியர்களை மிஞ்ச ஆள் இல்லை. அங்கே ஒலி ஒன்று, அதை எழுதும் எழுத்து வேறு. யூகி என்ற பெயரை ஓர் எழுத்தில் எழுதினால் பனி, இன்னோர் எழுத்தில் எழுதினால் மகிழ்ச்சி. பெயருக்கென அனுமதிக்கப்பட்ட எழுத்துகள் ஏறத்தாழ 3,000. அனுமதிக்கப்பட்ட எழுத்து என்பதற்காக எதையும் வைத்துவிட முடியாது என்பது 1993-இல் தெரிந்தது. மகனுக்கு 'அகுமா', அதாவது பிசாசு, என்று பெயர் வைக்க ஒரு தம்பதி போக, நகராட்சி மறுத்தது, விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு என்று மனம்போல வைக்கும் பெயர்கள் பெருகியதால் 2025 மே மாதத்திலிருந்து உச்சரிப்பையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

ஆனால் பொருளுக்காகப் பெயர் என்பதன் உச்சம் நைஜீரியாவின் யொருபா மக்கள்தான். அவர்கள் பெயர்கள் முழு வாக்கியங்கள். தாத்தா இறந்த பிறகு பிறந்த பையன் பாபாதுண்டே: அப்பா திரும்ப வந்துவிட்டார். இரட்டையரில் முதலில் வருவது தைவோ, உலகத்தை ருசி பார்க்க வந்தவர். அடுத்தது கெஹிண்டே, பின்னால் வந்தவர். இதில் மூத்தவர் யார் தெரியுமா? கெஹிண்டே. "போய்ப் பார்த்துட்டு வா" என்று தைவோவை முன்னால் அனுப்பிவைத்தவர் அவர்தானாம்!

பிறந்து பிறந்து இறந்துபோகும் பிள்ளைகளுக்குப் பின் வரும் குழந்தைக்கு யொருபா வீட்டில் மலோமோ என்பார்கள், 'இனிப் போகாதே'. அல்லது துரோஜையே, 'இருந்து வாழ்க்கையை அனுபவி'. நம் ஊரில் அதே துக்கத்துக்கு வைத்த பெயர்கள் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை. குப்பையில் ஒரு தடவை போட்டு எடுப்பார்கள், மூக்குக் குத்துவார்கள். வேண்டாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிடட்டும் என்பது கணக்கு. யொருபா தாய் குழந்தையிடம் கெஞ்சுகிறாள். நம் அம்மாக்கள் எமனை ஏமாற்றப் பார்த்தார்கள். இன்று குப்புசாமி என்றால் சிரிக்கிறோம். அகராதியில் பார்த்தால் குப்பைதான். அந்தப் பெயரை வைத்தவளுக்கு அதைவிட விலை உயர்ந்தது எதுவும் இல்லை. ஆனால் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெண் பிள்ளைகளுக்கு வைத்ததை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே ஏமாற்று வேலை எதுவும் இல்லை, சொன்னது அப்படியே உண்மை. மகாராஷ்டிரத்தில் இதே பொருளில் 'நகுசா' என்று வைப்பார்கள். சாத்தாரா மாவட்டத்தில் 2011-இல் அப்படிப்பட்ட சிறுமிகளுக்கு விழா நடத்திப் புதுப் பெயர் கொடுத்தார்கள்.

பொருளை மொழி மாற்றிச் சூட்டுவதும் நமக்குப் பழக்கம். வேதாசலம் மறைமலை ஆனார், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார். அதற்கு முன்பே தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதைச் செய்துவிட்டார்கள்: லத்தீனில் பால் என்றால் சின்னவர், ஆகவே சின்னப்பன், கிரேக்கத்தில் ஸ்டீஃபன் என்றால் முடி, அதாவது கிரீடம், ஆகவே முடியப்பன். பொருளும் போகவில்லை, வாயிலும் நுழைகிறது. ரியான்ஷ், கியான்ஷ் என்று தேடுபவர்கள் இந்த வேலைப்பாட்டைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நியூமராலஜியைப் பற்றிக் கேட்பீர்கள். தமிழ்ப் பெயரின் அதிர்ஷ்டத்தை ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கண்டுபிடிக்கும் கலைக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்க மனம் வரவில்லை.

சரி, எதை எடுப்பது?

ஒரே பெயரில் எல்லாவற்றையும் திணிப்பதை முதலில் விடுங்கள். அக்கான்களுக்கு இரண்டு பெயர், நம் பாட்டி வீட்டிலும் இரண்டு பெயர் இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கே திரும்பிப் போகலாம் என்பதுதான் என் கட்சி. சான்றிதழில் தாத்தா பாட்டி பெயரை, தேய்க்காமல், முழுசாக. கூப்பிட வீட்டில் எல்லோர் வாயிலும் வரும் ஒரு சின்னப் பெயர், உங்களுக்குப் பொருள் தெரிந்த மொழியிலிருந்து. நட்சத்திர எழுத்து வேண்டுமென்றால் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை சொல்லும் பெயருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் பாஸ்போர்ட்டில் கேட்கப்போவதில்லை. தாத்தா பெயர் பிடிக்கவே இல்லை, அல்லது அந்தத் தாத்தாவையே பிடிக்கவில்லை என்றால் அகராதி வழிக்குப் போகலாம். அப்போது பெயர்ப் பட்டியல் தளங்களை மூடிவிட்டு உண்மையான அகராதியைத் திறங்கள்.

அவசரப்படவும் வேண்டாம். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஓயும் வரை பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருங்கள், கிரேக்கர்கள் மாதிரி.