"அப்படியே பொருந்தும் ப்ரோ" என்று விற்ற கியர் லீவர்: யமஹா சேரோ மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வாசியுங்கோ

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ34 வீதி. ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னால், பின்னேரம் ஐந்தரை மணி. இரண்டாம் கியரில் ஒரு குழியைத் தாண்டிவிட்டு மூன்றாம் கியருக்கு இடது காலால் லீவரைத் தூக்கினேன். லீவர் மேலே வந்தது. கியர் வரவில்லை. இன்னொரு தரம் தூக்கினேன். கடிகார முள் மாதிரி லீவர் தன்பாட்டுக்குச் சுற்றியது.

இரண்டு பக்கமும் காடு. யானை வீதிக்கு இறங்குகிற நேரம். போனில் சிக்னல் ஒரு கோடு. அந்த இடத்தில் நின்று நான் யாரை நினைத்திருப்பேன் என்று இந்தப் பதிவை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கு விளங்கும்.

என்னுடையது யமஹா சேரோ 225, 4ஜேஜி மொடல். 223 சிசி, ஆறு கியர், முன்னுக்கு 21 அங்குல ரயர், பின்னுக்கு 18. 1985இல் ஜப்பானில் வந்த சாதி. சேரோ என்பது அங்கத்தை மலைகளில் ஏறித்திரிகிற ஆடு மாதிரியான ஒரு மிருகத்தின் பெயர், பெயருக்கு ஏற்ற வண்டிதான். ஆனால் 225ஐ நிறுத்தி 2005இல் 250ஐக் கொண்டுவந்துவிட்டார்கள், 2020இல் அதையும் முடித்துவிட்டார்கள். நம் நாட்டில் ஓடுகிற 225களில் அநேகம் ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, சேரோ வைத்திருக்கிறவன் அதன் ஒவ்வொரு ஆணியையும் பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டியதாகிவிட்டது. பாவித்த சாமானுக்கும் ராசா விலை. விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பழைய லீவர் போனது மணற்காட்டில். மணல்மேட்டுக்குப் பக்கத்தில் வெட்டிவிட்ட வடலிக் கட்டை ஒன்று மணலுக்குள் மறைந்து கிடந்தது. வண்டி இடப்பக்கம் சரிந்தது, லீவர் உள்பக்கமாக மடிந்து எஞ்சின் மூடியில் போய் ஒட்டிக்கொண்டது. கல்லால் அடித்து நிமிர்த்தினேன். அது மூன்றாவது நிமிர்த்தல். வளைவில் மயிரிழை போல ஒரு வெடிப்புத் தெரிந்தது. இரும்பும் எத்தனை தரம்தான் தாங்கும்?

வேறு லீவர் தேடத் தொடங்கினேன். அன்றைக்கே சுன்னாகத்தில் என் மெக்கானிக் அண்ணையிடம் போயிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இல்லை. நான் போனைத் தடவினேன். சிவப்பு நிறத்தில், நுனி மடிகிற மாதிரி, பளபளவென்று ஒரு லீவர். "ஜப்பான் சாமான், முழு அலுமினியம், சேரோவுக்கு அப்படியே பொருந்தும்." 6,500 ரூபா, பார்சல் வந்த பிறகு காசு. படத்தைப் பார்த்து மயங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கறுப்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்று மனசுக்குள் பூட்டியே பார்த்துவிட்டேன்.

முழு முட்டாளாகவும் நான் வாங்கவில்லை. லீவர் பூட்டுகிற துளைக்குள் இருக்கிற பல் எத்தனை என்று கேட்டேன், கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். லீவர் பூட்டுகிற, எஞ்சினில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கியர் ஷாஃப்ட்டில் ஒரு பல்லுக்கு நெயில் பொலிஷ் புள்ளி வைத்து எண்ணினேன், படத்தில் எண்ணினேன். இரண்டும் ஒன்று. அதோடு திருப்திப்பட்டு அனுப்பச் சொல்லிவிட்டேன். பிழை அங்கேதான். பல் எண்ணிக்கையைப் படம் காட்டும், துளையின் விட்டத்தைக் காட்டாது. வேறு கம்பெனி வண்டியின் லீவரிலும் அதே எண்ணிக்கைப் பல் இருக்கலாம், விட்டம் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தாலே காரியம் கெட்டுவிடும். வேர்னியர் என்கிற நுணுக்கமான அளவுகோல் இல்லாமல் அந்த அரை மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது.

பார்சல் வந்தது. கையில் எடுத்தவுடன் ஒரு சந்தேகம்: அலுமினியம் என்கிறார்கள், கனக்கிறதே? அலுமினியம் கையில் வைத்தால் பிளாஸ்டிக்குக்குப் பெரியப்பா மகன் மாதிரி இலேசாக இருக்கும். இது பூட்டுச் சாவிக்கொத்து மாதிரிக் கனம். நாகக் (சிங்க்) கலவையை வார்த்து மேலே சிவப்புச் சாயம் அடித்தால் இப்படித்தான் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. நாகம் அலுமினியத்தைப்போல இரண்டரை மடங்கு பாரம்.

பூட்டினேன். ஷாஃப்ட்டில் தட்டாமல் கொட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல லீவர் அப்படிப் போகாது. துளையின் ஒரு பக்கத்தில் பிளந்து விட்டிருக்கிற வெட்டுக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துக் கொஞ்சம் விரித்தால்தான் இறுக்கமாக ஏறும். 10ஆம் நம்பர் சாவியால் போல்ட்டை இறுக்கினேன். லீவரின் அந்த வெட்டு ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டது. லீவர் அப்பவும் ஆடியது.

இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கோ, ஏனென்றால் கள்ளச் சாமானைக் கண்டுபிடிக்க இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியாது. லீவரை ஷாஃப்ட்டில் பிடித்து வைத்திருப்பது அந்த வெட்டுத்தான். போல்ட் இறுக்க வெட்டு ஒடுங்கும், துளை சின்னதாகும், பல்லைப் பல் கவ்வும். முழுக்க இறுக்கிய பிறகும் வெட்டில் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். உதடு இரண்டும் ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் பலம் உதட்டில்தான் போகும், ஷாஃப்ட்டுக்கு ஒன்றும் போகாது. 6 மில்லிமீட்டர் போல்ட் வேறு. கோபத்தில் முறுக்கினால் அதுவும் அறுந்துவிடும்.

போன் எடுத்தேன். கொழும்பில் இருந்து கதைத்தது ஒரு பெடியன்.

"ப்ரோ, புதுசு அப்பிடித்தான் இருக்கும். ரெண்டு நாள் ஓடுங்க, செட்டாயிரும்."

"லீவர் ஆடுது தம்பி. வெட்டு முழுக்க ஒட்டிட்டுது."

"அப்ப சோடா டின் இருக்குல்ல, அதுல சின்னதா வெட்டி உள்ளுக்கு வைங்க. எல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்க. ஒண்ணும் ஆகாது."

திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்பலாமாம், ஆனால் பூட்டிய சாமான் எடுக்க மாட்டார்களாம். பூட்டாமல் பொருந்துமோ பொருந்தாதோ என்று எப்படிப் பார்க்கிறது? அதற்குப் பதில் இல்லை.

சோடா டின்னை நான்தான் வெட்டி வைத்தேன். அந்தப் பாவம் என்னுடையது. ஆட்டம் நின்றது. அடுத்த கிழமையே வன்னிக்கு வெளிக்கிட்டேன்.

சேரோ மாதிரி வண்டியில் காட்டுப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கியர் மாற்றுகிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. தூக்கும்போதும் மிதிக்கும்போதும் லீவர் ஷாஃப்ட்டின் பல்லில் ஒவ்வொரு அடி அடிக்கிறது. இறுக்கமாக இருந்தால் இரண்டும் ஒரே துண்டு, அடி இல்லை. தளர்ந்திருந்தால் சுத்தியலும் உளியும். மாங்குளம் தாண்டும்போதே மூன்றாம் கியர் இரண்டு தரம் விழாமல் போனது. என் சப்பாத்துத்தான் வழுக்குகிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது உழவு இயந்திரத்தில் வந்த ஓர் ஐயா. லீவரைக் கழற்றிப் பார்த்தார், ஷாஃப்ட்டைத் தடவினார். "இது மொட்டையாப் போச்சு தம்பி" என்றார். பெரிய குறடு ஒன்றால் ஷாஃப்ட்டின் நுனியைக் கவ்விப் பிடித்து, நான் கிளட்ச் பிடிக்க, ஒரே முறுக்கு. மூன்றாம் கியர் விழுந்தது. "இனி கியரில கை வையாதை, இப்பிடியே போ." மூன்றாம் கியரிலேயே வண்டியைக் கிளப்பி, கிளட்ச் மணக்க மணக்க, அவருடைய வெளிச்சத்துக்குப் பின்னால் ஒட்டுசுட்டான் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கராஜ் ஒன்றில் லீவரை ஷாஃப்ட்டோடு வைத்து வெல்டிங் பிடித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஐந்து நிமிட வேலை, வீடு போய்விடலாம். நாக்கில் எச்சில் ஊறியது உண்மை. ஆனால் செய்யாதேங்கோ. ஷாஃப்ட் வெளியே வருகிற வாயிலேயே ஒயில் சீல் இருக்கிறது, அது ரப்பர். வெல்டிங் சூட்டில் கருகும், பிறகு எஞ்சின் ஒயில் சொட்டிக்கொண்டே இருக்கும். செயின் ஓடுகிற முன் பல்லுச் சில்லுக்கு (ஸ்ப்ரொக்கெட்) கை போடவேண்டி வந்தால் ஒட்டவைத்த லீவரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த லீவர் நாக வார்ப்பு என்றால் இரும்போடு வெல்டிங் பிடிக்கவே பிடிக்காது, உருகி வழியும். வெறுமையாகத் திரும்பிய ஒரு கன்ரர் லொறியில் 9,000 ரூபாவுக்கு வண்டியை ஏற்றி யாழ்ப்பாணம் வந்தேன்.

மெக்கானிக் அண்ணை ஒன்றும் பேசவில்லை. வேர்னியரை எடுத்து லீவரின் துளையை அளந்தார், ஷாஃப்ட்டின் மொட்டையாகாத உள்பக்கத்தை அளந்தார், இரண்டையும் என்னிடம் காட்டினார். பிறகு காந்தத்தை லீவருக்குக் கிட்டக் கொண்டுபோனார். தண்டில் ஒட்டவில்லை. துளையைச் சுற்றி மட்டும் டக்கென்று ஒட்டியது. உள்ளுக்கு இரும்பு வளையம் ஒன்றை வைத்து வார்த்திருக்கிறார்கள். நல்ல கம்பெனி அப்படி வைத்தால் அது நல்ல வேலை, துளை சரியான அளவாக இருக்கும். இதிலோ துளை பெரிது, வளையம் கடினம். கடைசியில் அது என் ஷாஃப்ட்டை அரம் மாதிரி அராவித் தின்றுவிட்டது. மிச்சத் தண்டை இடுக்கியில் இறுக்கி ஒரு தட்டுத் தட்டினார். வளையவில்லை, உடைந்தது. உடைந்த முகம் கற்கண்டுத் துண்டு மாதிரி மணி மணியாக இருந்தது.

"லீவர் எண்டிறது விழுந்தா வளையவேண்டிய சாமான். அது வளைஞ்சு ஷாஃப்ட்டைக் காப்பாத்தோணும். உவங்கள் தலைகீழாச் செய்து வித்திருக்கிறாங்கள்."

ஷாஃப்ட் மாற்றுவது லீவர் மாற்றுவது போல வெளியே நின்று செய்கிற வேலை இல்லை. கிளட்ச் பக்க மூடியைத் திறந்து உள்ளுக்குப் போக வேண்டும். ஒயிலை இறக்க வேண்டும், கஸ்கற் புதுசு, சீல் புதுசு. ஷாஃப்ட் மட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் உடைத்துப் போட்ட ஒரு சேரோ எஞ்சினில் இருந்து தெரிந்தவர் மூலம் வந்தது, 8,500. சீல், கஸ்கற், ஒயில் எல்லாம் சேர்த்து 6,000. கூலி 10,000. லீவரையும் கன்ரரையும் கூட்டி, பிறகு வாங்கிய பாவித்த இரும்பு லீவரின் 3,000ஐயும் சேர்த்தால் 43,000 ரூபா.

அந்த இரண்டாவது லீவரை அண்ணைதான் தேடிப் பிடித்தார். யமஹா சாமான் நம்பரில் முதல் மூன்று எழுத்து எந்த மொடலுக்கு வந்தது என்று சொல்லும், நடுவில் இருக்கிற ஐந்து இலக்கம் என்ன சாமான் என்று சொல்லும். 18110, 18111 என்றால் கியர் பெடல். 18101 என்றால் ஷாஃப்ட். முதல் எழுத்துகளை உங்கள் பிரேம் நம்பரின் தொடக்கத்தோடு வைத்துப் பாருங்கோ: 1கேஎச், 3ஆர்டபிள்யூ, 4ஜேஜி என்று சேரோவிலேயே பல தலைமுறை இருக்கிறது. "சேரோவுக்குப் பொருந்தும்" என்று ஒருவன் சொன்னால் எந்த சேரோ என்று கேளுங்கோ. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நம்பர் இல்லாத சாமான்தான் கிடைக்கிறது என்றால் பழைய லீவரைக் கையில் கொண்டு கடைக்குப் போங்கோ. ஷாஃப்ட் நடுவில் இருந்து நுனி ரப்பர் நடு வரைக்கும் நீளம் பாருங்கோ. பெரிய சப்பாத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட இருந்தால் நல்லது, அதற்கு மேல் போனால் சாதாரண செருப்புக் காலுக்கு எட்டாது. (செருப்போடு காட்டுக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களை எனக்குத் தெரியும்.) லீவரின் வெளிவளைவையும் பாருங்கோ. குறைவாக இருந்தால் எஞ்சின் மூடியில் முட்டும், கூடினால் கல்லில் முதலில் அடிபடுவது அதுதான். "உயரம் சரியில்லாட்டி ஒரு பல் தள்ளிப் போடலாம்" என்பார்கள். 24 பல் இருக்கிற ஷாஃப்ட்டில் ஒரு பல் என்றால் 15 பாகை. 105 மில்லிமீட்டர் லீவரின் நுனி அதில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கிவிடும். ஒரு பல் மேலே வைத்தால் கால் நோகும், கீழே வைத்தால் கல் இடிக்கும். தண்டின் வளைவு சரியாக இல்லாத லீவரைப் பல் மாற்றித் திருத்த ஏலாது.

அலுமினியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடித்து உருவாக்கிய நல்ல அலுமினிய லீவர்கள் இருக்கின்றன, விலையும் அப்படி. ஆனால் மாங்குளத்துக்கு அங்கால் வளைந்தால் கல்லால் தட்டி நிமிர்த்தக்கூடியது இரும்புதான். நுனி மடிகிற இரும்பு லீவர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நிறத்தைப் பார்க்க மாட்டேன்.

அந்தப் பெடியனை மறுபடி கூப்பிட்டேன். மொட்டை ஷாஃப்ட்டின் படம், உடைந்த லீவரின் படம், வேர்னியர் அளவின் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல நிற இரண்டு சரி விழுந்தது. அரை மணித்தியாலம் கழித்து என்னைப் புளொக் செய்துவிட்டான். 1977க்கு அடித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் சொல்லலாம் என்று வீட்டில் சொன்னார்கள். சொல்லப் போகிறவன் கையில் என்ன இருக்கிறது? கடைப் பெயர் இல்லை, பில் இல்லை, பார்சலில் ஒட்டியிருந்த துண்டில் ஒரு போன் நம்பர் மட்டும். பார்சல் வந்த பிறகுதானே காசு, என்ன பயம் என்று நினைத்தவன் நான். காசு கொடுக்குமுன் பில்லையும் பார்சலுக்குள் போடச் சொல்லியிருக்க வேண்டும். பில் தர மாட்டேன் என்றிருந்தால் அப்பவே தெரிந்திருக்கும்.

நேற்று இரவு வேறு ஒரு நண்பன் படம் ஒன்று அனுப்பி, "மச்சான், இது நல்லதோ?" என்று கேட்டிருந்தான். அதே சிவப்பு, அதே படம், பின்னால் அதே மேசை விரிப்பு. இப்போது கவாசாகி கேஎல்எக்ஸுக்கும் ஹோண்டா எக்ஸ்ஆர் பஹாவுக்கும்கூட அப்படியே பொருந்துமாம். விலை 7,500.