டையிங் யூனிட்காரர்கள் கவனத்துக்கு: பாஸ்வேர்டு கைக்கு வராமல் கடைசி பில்லை செட்டில் செய்யாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருப்பவர்களும், என்னைப் போல அங்கே மெயின்டனன்ஸ் பார்ப்பவர்களும் இதைப் படித்துவிட்டு ஒருமுறை உங்கள் பேனல் ரூமுக்குள் போய்ப் பாருங்கள். மெஷின்களைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தருகிறேன் என்று வந்து எங்களை ஏமாற்றியவரின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் 'ஆட்டோமேஷன்காரர்' என்றே எழுதுகிறேன்.

எங்களிடம் துணிக்குச் சாயம் ஏற்றும் 9 சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள். 2022 வரைக்கும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்று ஸ்டெப் ஸ்டெப்பாகப் போட்டுக்கொண்டு போவார், உப்பும் சோடாவும் எடை போட்டுக் கையால் கரைப்பதுதான். அந்த வருடம் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்து, ரெசிபியை அங்கிருந்தே அனுப்பி, டோசிங்கையும், அதாவது உப்பு, சோடா விடுவதையும், ஆட்டோமேட்டிக் ஆக்கலாம் என்று ஆட்டோமேஷன்காரர் வந்தார். முதலாளி கையில் போனைக் கொடுத்து, "சார், நீங்க கோயிலுக்குப் போயிருந்தாலும் 4-ஆம் நம்பர் மெஷின் இப்ப எத்தனை டிகிரியில ஓடுதுன்னு பார்த்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் முதலாளி விழுந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

கொட்டேஷனின் கடைசி வரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 'இண்டஸ்ட்ரியல் சைபர் செக்யூரிட்டி பேக்கேஜ், மிலிட்டரி கிரேடு ஃபயர்வால் உட்பட, ரூ. 85,000.' இது என்ன என்று கேட்டேன். "வெளியாள் யாரும் உள்ள வர முடியாதுங்கண்ணா, டிஃபென்ஸ்ல போடற ஐட்டம்" என்றார். கறுப்பாக ஒரு பெட்டி, இரண்டு ஆன்டெனா, மேலே அவர்கள் கம்பெனி ஸ்டிக்கர். பேனலுக்குள் மாட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று காட்டிவிட்டுப் போனார்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 2.40. நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "அண்ணா, கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல என்னமோ இங்கிலீஷ்ல வந்து நிக்குதுங்க, ஃபைல் எதுவும் தொறக்க மாட்டேங்குது." நான் வண்டியை எடுத்துக்கொண்டு போவதற்குள் 3 மணி தாண்டிவிட்டது. ரேன்சம்வேர். எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமென்றால் பிட்காயினில் பணம் கட்டு என்ற நோட்டீஸ். கேட்ட தொகை எங்கள் ஒரு மாதக் கரண்ட் பில்லைவிடக் குறைவு என்பது தனி வேடிக்கை. கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று முதலாளி ஒரு கட்டத்தில் யோசித்தார். பணம் வாங்கிக்கொண்டு சாவியைத் தருவான் என்று என்ன நிச்சயம் என்பதால் விட்டுவிட்டோம்.

ஆனால் எங்களை அடித்தது அது இல்லை. கம்ப்யூட்டர் போனால் போகட்டும், மெஷின் ஓட வேண்டுமே? மெஷினை ஓட்டுவது பேனலுக்குள் இருக்கும் பிஎல்சி என்ற கண்ட்ரோலர்தான், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்டெப் முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் வந்தால்தான் அடுத்த ஸ்டெப்புக்குப் போகும்படி புரோகிராமை எழுதி வைத்திருந்திருக்கிறார்கள். அது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. நான்கு மெஷின்களில் லாட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று நேவி ப்ளூ, 400 கிலோ காட்டன் நிட். 60 டிகிரியில் சோடா பாதி ஏறியிருந்த நிலையில் 'வெயிட்டிங்' என்று நின்றுவிட்டது. டையிங் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும், சோடா விழ ஆரம்பித்துவிட்டால் ரியாக்டிவ் சாயம் நமக்காகக் காத்திருக்காது, துணியில் ஏறாதது தண்ணீரிலேயே வீணாகிக்கொண்டிருக்கும். மேனுவலுக்கு மாற்றி மீதிச் சோடாவைக் கையால் விட்டிருந்தால் லாட்டைக் காப்பாற்றியிருக்கலாம். பேனல் ஸ்க்ரீனில் மேனுவலைத் தொட்டேன்.

'சூப்பர்வைசர் பாஸ்வேர்டை உள்ளிடவும்.'

யாருக்கும் தெரியாது. எங்களிடம் கொடுத்தது ஆபரேட்டர் பாஸ்வேர்டு மட்டும். ஆட்டோமேஷன்காரரின் '24 மணி நேர சப்போர்ட்' எண்ணுக்கு நான் 17 முறை கூப்பிட்டேன், லாகை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். எடுக்கவில்லை. நாலரைக்கு எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கினோம். துணி கயிறு மாதிரி அப்படியே நின்று, மடிப்பு மடிப்பாகத் திட்டு விழுந்தது. காலையில் எடுத்துப் பிழிந்து பார்த்தால் நேவியும் இல்லை, கிரேயும் இல்லை. எக்ஸ்போர்ட் ஜாப் ஒர்க், துணி பார்ட்டியுடையது. நல்ல வேளை, பாய்லர் கண்ட்ரோலை இந்தக் கம்ப்யூட்டரோடு சேர்க்க வேண்டாம் என்று நான் அப்போதே சண்டை போட்டு நிறுத்தியிருந்தேன்.

காலை 9 மணிக்கு அவரே கூப்பிட்டார். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க ஏஎம்சி முடிஞ்சு 11 நாள் ஆச்சுங்களே" என்றார். ஏஎம்சி என்றால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். ரினியூவல் 1,40,000 கட்டினால் பாஸ்வேர்டு. பிஎல்சி புரோகிராமின் பேக்கப் கொடுங்கள் என்று கேட்டால் அது 'எங்கள் அறிவுச் சொத்து'. பூட்டிவிட்டுப் பணம் கேட்ட இரண்டு பேரில், ரசீது கொடுப்பவர் இவர், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எங்கள் அக்கவுண்டன்ட் சொன்னார். கட்டினோம். வேறு வழி? ஐந்து நாள் யூனிட் நின்றிருந்தால் அதைவிட அதிகம் போயிருக்கும்.

பணம் ஏறியதும் ஒரு பையனை அனுப்பினார். அவன் வந்ததும் செய்த முதல் வேலை, "வைரஸ் இருக்கும்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கறுப்புப் பெட்டியின் பின்பக்கத்தில் ஊசியால் குத்தி ரீசெட் செய்தது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அதில் ஏதாவது பதிவு இருந்திருந்தால் அதோடு போயிற்று. அடுத்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடப் போனான், நான் விடவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி முதலாளியின் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அப்புறம் கோயம்புத்தூரில் இதே ஃபீல்டில் இருக்கும் ஒரு பழைய நண்பரை வரவழைத்தேன். அவர் அந்த டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். அது விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு சப்போர்ட்டை நிறுத்திவிட்டது, எங்களுக்குப் புதிது என்று விற்றதோ 2022-இல். ரெசிபி பேக்கப் தினமும் ஒழுங்காகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது, அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில். அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. விண்டோஸ் லாகில் பார்த்தால் மூன்று வாரமாக யாரோ வெளியிலிருந்து பாஸ்வேர்டு போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில், எல்லாம் தோல்வி. ஞாயிறு அதிகாலை 1.52-க்கு ஒன்று வெற்றி. வேறு இடத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது 3389 போர்ட்டை, இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்திருந்தார்கள். ஆட்டோமேஷன்காரர் தன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே உள்ளே வருவதற்காக.

பிறகு அந்த 'மிலிட்டரி கிரேடு' பெட்டியை எடுத்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. சாதாரண 4ஜி ரவுட்டர், நான்காயிரம் ரூபாய்க்குள் கிடைப்பது. யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். ரீசெட் செய்ததால் அப்படி ஆகியிருக்கும் என்று நான் அந்தப் பையனுக்காகப் பரிந்து பேசினேன். அவர் சிரித்துவிட்டு, இன்ஸ்டாலேஷன் அன்று எங்களிடம் கொடுத்த ஃபைலைப் புரட்டிக் காட்டினார். அதிலும் அதேதான் எழுதியிருந்தது.

கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? ஆட்டோமேஷன்காரரின் கம்பெனிப் பெயர், கூடவே 123. இதே ஆள் செய்துகொடுத்த இன்னும் இரண்டு யூனிட்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே பாஸ்வேர்டு. ஒரு வீட்டைத் திறந்த சாவி தெரு முழுக்கத் திறக்கும். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

இது நம் ஊர் கூத்து மட்டுமில்லை என்று நண்பர் ஒரு சம்பவம் சொன்னார். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் வாரியத்தில் ஒரு பம்ப் ஸ்டேஷன் பிஎல்சியைக் கைப்பற்றி, அதன் ஸ்க்ரீனில் தங்கள் கோஷத்தைப் போட்டுவிட்டுப் போனது ஒரு ஹேக்கர் கும்பல். அந்த வகை பிஎல்சிக்குக் கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் பாஸ்வேர்டு 1111, அதை மாற்றாமல் இன்டர்நெட்டில் விடாதீர்கள் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு அப்புறம் ஊர் ஊராக எச்சரித்தது. எனக்கு அதில் உறைத்தது வேறு. அங்கே ஆட்கள் உடனே சிஸ்டத்தை அணைத்துவிட்டு மேனுவலில் பம்பை ஓட்டினார்கள், தண்ணீருக்குப் பாதிப்பு இல்லை. அவர்களிடம் மேனுவல் இருந்தது. எங்கள் மேனுவலுக்குச் சாவி ஆட்டோமேஷன்காரரிடம் தூங்கிக்கொண்டிருந்தது.

கேமரா டிவிஆரும் இதே ரவுட்டரில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் மிராய் என்ற வைரஸ் சுமார் 60 டிஃபால்ட் யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. கேமராக்காரர் வேறு ஆள், அவரும் பாஸ்வேர்டை மாற்றவில்லை. அதையும் பாருங்கள்.

புகார் விஷயத்திலும் கோட்டை விட்டோம். இந்த மாதிரி தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது, லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. செக்யூரிட்டி பேக்கேஜ் விற்றவர் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது ஆறாவது நாள். லேட்டாகவாவது அனுப்பினோம், சைபர் கிரைம் போர்ட்டலிலும் பதிந்தோம்.

இப்போது புதிதாக யாராவது ஆட்டோமேஷன் செய்யப் போகிறீர்கள் என்றால், வேலை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: பிஎல்சி புரோகிராமும் ஸ்க்ரீன் புராஜெக்டும் எடிட் செய்யக்கூடிய ஃபைலாக நம் கைக்கு வர வேண்டும், எல்லா லெவல் பாஸ்வேர்டும் மூடிய கவரில் வர வேண்டும், கடைசி 20 சதவீதப் பணம் அதற்கு அப்புறம்தான். வாய்ப்பேச்சில் எல்லோரும் சரி என்பார்கள். ஹேண்ட்ஓவர் அன்று கம்ப்யூட்டரின் கேபிளை நீங்களே பிடுங்கிவிட்டு மெஷினை மேனுவலில் ஒரு லாட் ஓட்டச் சொல்லுங்கள், அப்போது தெரியும். ரிமோட் சப்போர்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்களுக்கும் அது தேவைதான். இப்போது ரவுட்டருக்குப் போகும் சப்ளையில் ஒரு சாவி ஸ்விட்ச் போட்டிருக்கிறேன். அவர்கள் போன் செய்தால் நான் போய்த் திருப்புவேன், வேலை முடிந்ததும் அணைத்துவிட்டு நோட்டில் நேரம் எழுதுவேன். செலவு 350 ரூபாய். முதலாளியின் போனில் மெஷின் தெரிவதில்லை, அதற்கு அவர் இன்னும் முணுமுணுக்கிறார்.

மீதிக் கதை: 9 மெஷின்களில் 6-க்கு நண்பர் புரோகிராமைப் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய புரோகிராமை பிஎல்சியிலிருந்து எடுக்க முடியாதபடி பூட்டியிருந்ததால் ஒயரிங்கை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டியிருந்தது. மூன்று பாக்கி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, வியாபாரத்துக்கு வாங்கியது என்று தள்ளிவிடுவார்கள், சிவில் கேஸ்தான் வழி என்கிறார் வக்கீல், நோட்டீஸ் போயிருக்கிறது.

போன புதன்கிழமை டீக்கடையில் நிற்கும்போது பக்கத்து யூனிட் எலக்ட்ரீஷியன் தம்பி, தங்களுக்கும் புதுசாக சிஸ்டம் வந்திருக்கிறது என்று போனில் போட்டோ காட்டினான். கறுப்புப் பெட்டி, இரண்டு ஆன்டெனா, அதே ஸ்டிக்கர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனோடு கிளம்பிவிட்டேன். அட்மின், அட்மின். திறந்தது.