கடையே கதியென்று ஒருத்தி: 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்'

ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராத்தாவின் இந்தக் குறுநாவல் 2016-இல் அந்நாட்டின் அகுதாகவா இலக்கியப் பரிசு பெற்றது. அன்றாடப் பொருள்கள் விற்கும் ஜப்பானியச் சிறுகடைத் தொடரான ஃபேமிலிமார்ட் மலேசியாவில் கடை திறந்ததும் அதே ஆண்டுதான். நாவலின் நாயகி கெய்கோவுக்கு வயது 36. 18 ஆண்டுகளாக அப்படிப்பட்ட ஒரே கடையில் பகுதிநேர வேலை. சிரிப்பு, குரல், வரவேற்பு எல்லாம் பயிற்சியில் கற்றவை. பேச்சுநடையைக்கூடச் சக ஊழியர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறாள். முதலாளியம் அவளை நசுக்குகிறது என்று மட்டும் வாசித்தால் நாவல் கைநழுவிவிடும். கடையின் விதிகள் அவளுக்கு நிம்மதி. கல்யாணம் எப்போது என்று துளைக்கும் சுற்றம்தான் தொல்லை. (நம் வீட்டு விசேஷங்களில் கேட்காத கேள்வியா!) கடைக்குப் புதிதாக வரும் ஊழியன் ஷிராஹாதான் பலவீனமான பாத்திரம், கற்காலம் பற்றிய அவன் புலம்பல் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகிறது. ஜின்னி டாப்லி தாகெமோரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-இல் வந்தது. கோலாலம்பூர் கேஎல்சிசியிலுள்ள கினோகுனியா புத்தகக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாம்.