850 வாட்டா, 750 வாட்டா: கிராபிக்ஸ் கார்டுக்கு நான் ஏன் சிறியதை எடுத்தேன்

320 வாட் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மாட்டியபோது என்னிடம் இருந்தது பழைய 650 வாட் பவர் சப்ளை. கார்டுக்கு 320, பிராசசருக்கு 125, ஃபேன், டிஸ்க், மதர்போர்டு எல்லாவற்றுக்கும் ஒரு 60 என்று கூட்டினால் 505தான் வருகிறது, தாராளம் என்று நினைத்தேன். ஆனால் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டம் பொசுக்கென்று அணைந்துவிடும். ப்ளூ ஸ்கிரீன்கூட வராது. பின்னால் உள்ள சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஆன் ஆகும்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றானபோது இரண்டில் வந்து நின்றேன்: பழைய ஏடிஎக்ஸ் 2 (ஏடிஎக்ஸ் என்பது பவர் சப்ளைக்கான பொது விதிமுறை) வகை 850 வாட் ப்ரான்ஸ், ஏடிஎக்ஸ் 3.0 வகை 750 வாட் கோல்டு. எடுத்தது 750.

ப்ரான்ஸ், கோல்டு என்பவை எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வந்து சேர்கிறது என்பதற்கான தரம். இதில் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். 115 வோல்ட் சோதனையில் பாதி லோடுக்கு ப்ரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம். சூடும் மின்செலவும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஸ்பைக். கார்டின் மேல் போட்டிருக்கும் 320 வாட் சராசரிக் கணக்கு. கண் இமைப்பதற்கும் வெகு குறைவான நேரத்தில் அது சட்டென்று ஏறி, சில சமயம் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். சாதாரண மீட்டரில் இது தெரியாது, ஆனால் பவர் சப்ளையின் பாதுகாப்பு சர்க்யூட்டுக்குத் தெரியும், ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். என் 650 வாட்டுக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் கார்டின் பவர் லிமிட்டைக் குறைத்து ஓட்டியபோது ஒருமுறைகூட அணையவில்லை. 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 இதை விதியாகவே எழுதிவிட்டது: கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் கனெக்டர் உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளை தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோவினாடிக்குத் தாங்க வேண்டும். அதாவது 750 வாட் என்றால் 1500. அந்த 850-ம் தாங்கியிருக்கலாம், நன்றாகச் செய்த பழைய வகைகள் தாங்கத்தான் செய்கின்றன. ஆனால் தாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை, ஏற்கெனவே பட்டவன் என்பதால் எனக்கு அந்த உறுதி வேண்டியிருந்தது.

கேபிளிலும் 750 முந்தியது. கார்டுக்கு மின்சாரம் தரும் ஒரு 8 பின் கனெக்டருக்கு 150 வாட் கணக்கு. அந்த 850-ல் 8 பின் தலை நான்கு இருந்தாலும் வந்த கேபிள் இரண்டுதான், ஒவ்வொன்றிலும் இரட்டைத் தலை. 750-ல் மூன்று தனித்தனிக் கேபிள்கள், 16 பின் கேபிள் வேறு. பெரிய கார்டுக்குத் தலைக்கு ஒரு கேபிள் என்று கொடுப்பதே நல்லது.

வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, ஒருமுறைகூட அணையவில்லை. எத்தனை வருடம் உழைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆர்டிஎக்ஸ் 4070 மாதிரி 200 வாட் கார்டு என்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, நல்ல 650 வாட் போதும். என்விடியா சொல்வதும் அதுதான்.

அப்புறம், புதியதை மாட்டும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிடாதீர்கள். பவர் சப்ளை பக்கத்து பின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது, பிளக் சரியாகப் பொருந்தினாலும் டிஸ்க் போய்விடலாம்.